பட்டிப்பூ இலையும் சலரோகமும்



சில காலத்துக்கு முன் எழுபதை நெருங்கிய ஓர் அம்மா தமது மகளுடன் என்னிடம் வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) பத்து வருடங்களுக்கு மேலாகச் சலரோகம் உள்ளவர். முந்திய வருடம் 58 ஆக இருந்த எச்பிஏ1சி அளவு 98 ஆக ஏறியிருந்தது. பழைய கணக்கில் சொன்னால் 7.5 சதவீதத்திலிருந்து 11 சதவீதத்துக்கு மேல். சாப்பாட்டில் மாற்றம் இல்லை, நிறை குறைந்திருந்தது. மெற்போமின் ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டேன். "ஓம் தம்பி" என்றார். மகள் கொஞ்சம் நெளிந்தார்.

பிறகுதான் விடயம் வெளியே வந்தது. வீட்டில் யன்னலோரச் சாடியில் பட்டிப்பூ நிற்கிறது. காலையில் வெறுவயிற்றில் ஏழெட்டு இலையை அவித்துக் குடிக்கிறார். நான்கு மாதங்களாக மெற்போமினைத் தொடவில்லை. "உது என்ன தம்பி, பட்டிப்பூ இலைதானே. ஊரிலை எங்கடை ஆக்கள் குடிக்கிறவை. குளிசை எல்லாம் கெமிக்கல், இது மரத்திலை இருந்து வாறது" என்றார்.

அவரில் மட்டும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் குளிசைக்குப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்த நான், வேறென்ன குடிக்கிறீர்கள் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. நானும் ஊரில் பட்டிப்பூ நின்ற வளவில் வளர்ந்தவன்தான். ஆகவே இந்த இதழில் அந்த அம்மாவின் வசனத்தையே பாடமாக எடுக்கிறேன். மரத்தில் இருந்து வருவது என்றால் என்ன? அதை மரம் எப்படிச் செய்கிறது, யாருக்காகச் செய்கிறது?

ஓட முடியாதவனின் ஆயுதம்

ஆடு வந்தால் நாம் விரட்டலாம், பூச்சி கடித்தால் அடிக்கலாம். செடி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். எனவே தன்னைத் தின்ன வருபவர்களுக்கும், இலையில் ஒட்டி வளரும் பங்கசுகளுக்கும் எதிராக அது இரசாயனங்களைச் செய்து வைத்துக்கொள்கிறது. மிளகாயின் உறைப்பு, மிளகின் காரம், பட்டிப்பூ இலையின் கைப்பு எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. அவை நமக்காகச் செய்யப்பட்ட மருந்துகள் அல்ல. சில வேளைகளில், சரியான அளவில், நமக்கு உதவுகின்றன, அவ்வளவுதான்.

இவற்றைச் செய்வது நொதியங்கள். அவற்றுள் ஒரு கூட்டத்துக்கு அசைல் ட்ரான்ஸ்பரேஸ் என்று பெயர். பெயர் பயமுறுத்தினாலும் வேலை எளிது. துறைமுகத்தில் லொறியில் இருந்து மூட்டையை இறக்கிக் கப்பலில் ஏற்றும் தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். உயிர்க்கலத்தினுள் கோஎன்சைம் ஏ என்ற மூலக்கூறுதான் லொறி. அதில் ஏற்றப்பட்டிருக்கும் அமிலத்துண்டு, அதாவது அசைல் கூட்டம், மூட்டை. நொதியம் அந்த மூட்டையை இறக்கி வேறொரு மூலக்கூறின் மேல் பொருத்திவிடுகிறது. லொறி வெறுமையாகத் திரும்பிப் போகும். இந்த ஒரு பொருத்தலோடு, அதுவரை சாதுவாக இருந்த ஒரு பொருள் கடிக்கிற பொருளாக மாறிவிடலாம்.

தாவரங்களில் இவ்வேலையைச் செய்யும் பெரிய குடும்பம் ஒன்றுக்கு பீ.ஏ.எச்.டீ. என்று பெயர். (பீ.எச்.டீ. அல்ல. நம்மவர்கள் உடனே பட்டம் என்று நினைத்துவிடுவார்கள்.) முதலில் கண்டுபிடித்த நான்கு நொதியங்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 2000 ஆம் ஆண்டளவில் வைத்த பெயர் இது. அதிலுள்ள கடைசி எழுத்துக்குரிய நொதியம் எந்தச் செடியில் இருந்து வந்தது தெரியுமா? அந்த அம்மாவின் யன்னலோரத்தில் நின்ற அதே பட்டிப்பூவில் இருந்துதான். அதற்கு வருமுன் குசினியைப் பார்ப்போம்.

மிளகாயும் மிளகும்

மிளகாய் போர்த்துக்கேயருடன் நமது பக்கம் வந்தது. அதற்கு முன் நமக்கிருந்த காரம் மிளகு. அதனால்தான் புதிய காய்க்கு மிளகின் பெயரையே சேர்த்து வைத்தார்கள். பெயரில் மட்டுமல்ல, இரசாயனத்திலும் இவை உறவு என்பது அன்று அவர்களுக்குத் தெரிந்திருக்க முடியாது.

மிளகாயில் உறைப்பைத் தருவது கப்செயிசின். வனிலைல் அமைன் என்ற துண்டும் ஒரு கொழுப்பமிலத் துண்டும் சேர்ந்தால் அது உருவாகும். சேர்த்து வைப்பது பன்1 என்ற மரபணு உண்டாக்கும் அசைல் ட்ரான்ஸ்பரேஸ். இதை 2005 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பெரிய குடைமிளகாயில் இந்த மரபணுவின் முன்பகுதியில் ஏறக்குறைய 2,500 எழுத்துக்கள் காணாமற் போயிருக்கின்றன. நொதியம் இல்லை, ஆகவே உறைப்பும் இல்லை. சுப்பர்மாக்கற்றில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றாகக் கட்டி விற்கும் காய் உறைக்காததற்குக் காரணம் இதுதான். இன்னொன்று: உறைப்பு கொட்டையில் இருக்கிறது என்று நாம் சொல்வது சரியல்ல. கொட்டை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில்தான் அது உருவாகிறது. கொட்டையில் பட்டுக்கொள்கிறது, அவ்வளவே.

யாருக்கு எதிராக? பொலிவியாவின் காட்டு மிளகாய்களை ஆராய்ந்தவர்கள் 2008 இல் இதற்கு நல்ல விடை ஒன்று தந்தார்கள். பூச்சி குத்திய துளை வழியாக பியூசேரியம் என்ற பங்கசு காய்க்குள் போய் விதையை அழிக்கிறது. கப்செயிசின் அதைத் தடுக்கிறது. எலி போன்ற முலையூட்டிகள் விதையை மென்று அழித்துவிடும், அவைக்கு உறைக்கும். பறவைகளோ விதையை முழுசாக விழுங்கித் தூரத்தில் போடுபவை. அவற்றின் நரம்பிலுள்ள ஏற்பிக்குக் கப்செயிசின் உறைப்பதேயில்லை. ஊரில் கிளியும் மைனாவும் கொச்சி மிளகாய் கொத்திக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதினமல்ல.

நமது நரம்பில் கப்செயிசினை உணரும் அந்த ஏற்பியை டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997 இல் கண்டுபிடித்தார்கள். அதற்காக அவருக்கு 2021 இல் நோபல் பரிசு கிடைத்தது. அது சூட்டையும் உணரும் ஏற்பி. அதனால்தான் மிளகாய் கடித்தால் வாய் "எரிகிறது" என்கிறோம். தொடர்ந்து பூசினால் அந்த நரம்பு நுனிகள் களைத்துப் போய் நோவை அனுப்புவது குறையும். இந்த அடிப்படையில்தான் முழங்கால் வாதத்துக்கு 0.025 சதவீதமும், சலரோக நரம்பு எரிவுக்கு 0.075 சதவீதமும் கொண்ட கப்செயிசின் கிறீம்கள் வந்தன. முழங்கால் தேய்வுக்கு இதை யோசிக்கலாம். பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். முதல் நாட்களில் எரியும். பூசியபின் கை கழுவாமல் கண்ணைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. வீட்டு மிளகாய்த் தூளை எண்ணெயில் குழைத்துப் பூசி, தோல் வெந்து வந்தவர்களையும் கண்டிருக்கிறேன். சலரோகத்தில் உணர்வு குறைந்த பாதத்தில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

மிளகின் கதை இன்னும் சுவாரசியமானது. மிளகின் காரப்பொருளான பைப்பரினை டென்மார்க் விஞ்ஞானி எர்ஸ்டெட் 1819 இல் பிரித்தெடுத்தார். ஆனால் செடி அதைச் செய்யும் கடைசிப் படி என்ன என்பது 2021 வரை தெரியாது. அந்த ஆண்டு ஜேர்மனியில் ஹாலே நகரில் உள்ள லைப்னிற்ஸ் தாவர உயிரிரசாயன நிறுவனத்தினர், இளம் மிளகுக் காயிலிருந்து அந்த நொதியத்தைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் பீ.ஏ.எச்.டீ. குடும்பமே. மேற்குத்தொடர்ச்சி மலைக் கொடியும் தென்னமெரிக்கச் செடியும் தனித்தனியே ஒரே குடும்பத்து நொதியத்தைப் பிடித்துத் தமக்கு வேண்டிய காரத்தைச் செய்திருக்கின்றன.

மிளகில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நமது ஈரலும் குடலும் மருந்துகளை உடைத்து வெளியேற்றும். பைப்பரின் அந்த வேலையைத் தாமதப்படுத்தும். 1998 இல் பெங்களூரில் செய்த ஓர் ஆய்வில், மஞ்சளின் குர்க்குமின் 2 கிராமுடன் வெறும் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது, உடலில் சேர்ந்த குர்க்குமினின் அளவு 20 மடங்காயிற்று. இந்த ஆய்வைக் காட்டித்தான் இன்று மஞ்சளும் மிளகும் சேர்த்த கப்சூல்களை விற்கிறார்கள். குர்க்குமின் கூடினால் நல்லது என்று நினைக்கிறோம். கூடவே போடும் மற்ற மருந்துகளும் கூடலாம் என்பதை யோசிப்பதில்லை. பைப்பரினோடு கொடுத்தபோது புரொப்பிரனலோல், தியோபிலின் போன்றவற்றின் குருதி அளவு உயர்ந்தமை 1991 இலேயே காட்டப்பட்டது. 2019 இல் இத்தாலியில் குர்க்குமின் கப்சூல் எடுத்த பலருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டதாக அந்நாட்டு அதிகாரிகள் அறிவித்தார்கள்.

இரசம் குடிக்கலாமா என்று உடனே கேட்பீர்கள். தாராளமாகக் குடியுங்கள். நீங்கள் வழமையாக உண்ணும் மிளகுக்கு மேல்தான் உங்கள் மருந்தின் அளவு பார்த்துப் பார்த்து நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. செறிவாக்கிய கப்சூலைத் திடீரென்று நாளாந்தம் போடத் தொடங்குவது வேறு விடயம். வார்பரின், வலிப்பு மருந்து, உறுப்பு மாற்றுச் சிகிச்சை மருந்து, புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் வைத்தியரையோ பாமசிஸ்ரையோ கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம்.

இனிப் பட்டிப்பூ

தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்பார்கள். அங்கே தென் மாவட்டங்களில் மருந்துக்காகப் பயிரிடுகிறார்கள். பிறப்பிடம் மடகாஸ்கர். நூறுக்கு மேற்பட்ட அல்கலொயிட்டுகள் இச்செடியில் உண்டு. சலரோகத்துக்கு இதன் இலைக் கசாயம் குடிக்கும் வழக்கம் நம்மிடம் மட்டுமல்ல, யமேக்காவிலும் இருந்தது. 1952 இல் அங்கிருந்து ஒரு நோயாளி கனடாவிலுள்ள கிளார்க் நோபிள் என்ற வைத்தியருக்கு 25 இலைகளைத் தபாலில் அனுப்பினார். இந்த நோபிள் ஒரு சுவையான மனிதர். 1921 இல் ரொறன்ரோவில் இன்சுலின் ஆய்வில் பான்ரிங்குக்கு உதவ இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். யார் முதலில் போவது என்று காசைச் சுண்டிப் பார்த்ததில் பெஸ்ற் வென்றார், நோபிள் தோற்றார் என்று சொல்வார்கள். சலரோகம் என்றதும் அவருக்கு அக்கறை இருந்ததில் ஆச்சரியமில்லை.

அவர் இலைகளைத் தமது தம்பி றொபேட் நோபிளிடம் கொடுத்தார். மேற்கு ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் அவர் கசாயத்தை எலிகளுக்கு வாயால் கொடுத்துப் பார்த்தார். சீனி குறையவில்லை. ஊசியாக ஏற்றியபோதும் சீனியில் மாற்றமில்லை, ஆனால் எலிகள் சில நாட்களில் கிருமி தொற்றி இறந்தன. ஏன் என்று ஆராய்ந்தபோது அவற்றின் வெண்குருதிக் கலங்கள் விழுந்திருந்தன, எலும்பு மச்சை செயலிழந்திருந்தது. சாதாரணமாக அந்த இடத்தில் ஆய்வைக் கைவிட்டிருப்பார்கள். இவர்களோ வெண்கலங்களைக் குறைக்கும் பொருள் வெண்கலங்கள் பெருகும் புற்றுநோய்க்கு உதவாதா என்று யோசித்தார்கள். சார்ள்ஸ் பியர் என்ற இரசாயனவியலாளருடன் சேர்ந்து 1958 இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டின் 1963 இல் அமெரிக்காவில் பாவனைக்கு அனுமதிக்கப்பட்டது.

எங்கள் சட்டனில், டௌன்ஸ் றோட்டில், ரோயல் மார்ஸ்டன் வைத்தியசாலை இருக்கிறது. அதன் சிறுவர், இளையோர் நிலையமான ஓக் சென்ரர் 2011 இல் திறக்கப்பட்டது. குருதிப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முதன்மை மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். 1960களின் தொடக்கத்தில் இந்நோய் வந்த பிள்ளைகளில் மிகச் சிலரே தப்பினார்கள். இன்று பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதால் பத்துப் பேரில் ஒன்பது பேரளவில் தப்புகிறார்கள். ஆனால் அந்த மருந்தை எப்படிக் கொடுக்கிறார்கள்? பிள்ளையின் உடற்பரப்பை அளந்து, மில்லிகிராம் கணக்கில், நாளத்தினூடாக மட்டும், பயிற்சி பெற்றவர்கள் இருவர் சரிபார்த்த பின். தவறி முள்ளந்தண்டு நீரில் ஏற்றினால் உயிர் போகும். சரியாகக் கொடுத்தாலும் கைகால் விறைப்பும் மலச்சிக்கலும் வரலாம், ஏனெனில் கலம் பிரிய உதவும் நுண்குழாய்களைக் குலைக்கும் அதே மருந்து நரம்பின் நுண்குழாய்களையும் தாக்குகிறது.

அந்தச் செடியின் இலையைத்தான் சில மைல் தூரத்தில் ஒரு வீட்டில் எண்ணாமல் கொதிக்க வைக்கிறோம்.

சரி, செடி இதை எப்படிச் செய்கிறது? வின்பிளாஸ்டின் இரண்டு பாதிகளால் ஆனது. ஒன்று கதரந்தின், மற்றது விண்டொலின். விண்டொலினைச் செய்ய, முன்னுள்ள பொருளில் இருந்து ஏழு படிகள். ஏழாவது படியில் அசைற்றைல் என்ற சின்ன மூட்டையைப் பொருத்துவது, நான் முன்பு சொன்ன பீ.ஏ.எச்.டீ. பெயரின் கடைசி எழுத்துக்குரிய நொதியம். அதன் மரபணுவை 1998 இல் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் வின்சென்சோ டி லூக்கா குழுவினர் பிரித்தெடுத்தார்கள். முன்படிகள் சில இலையின் மேற்றோல் கலங்களில் நடக்க, இந்தக் கடைசிப் படி உள்ளேயுள்ள பால்க்கலங்களில் நடக்கிறது. இருட்டில் முளைத்த நாற்றில் அது நடப்பதில்லை, வெளிச்சம் பட்ட பிறகே தொடங்கும்.

மற்றப் பாதியான கதரந்தின் இலையின் மேல் மெழுகுப் பூச்சில் தேங்கி நிற்கிறது. 2010 இல் இதைக் காட்டிய ஆய்வாளர்கள், அந்த அளவுக் கதரந்தினே பங்கசு வித்திகளின் வளர்ச்சியைத் தடுக்கப் போதுமானது என்றும், பூச்சிக்கு அது நஞ்சு என்றும் காட்டினார்கள். அதாவது ஒரு பாதி வாசலில் காவல் நிற்கிறது, மறுபாதி உள்ளறையில் இருக்கிறது. இரண்டும் சந்திப்பது குறைவு. அதனால்தான் 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டியிருக்கிறது. 2019 இல் அமெரிக்காவில் வின்கிறிஸ்டின் தட்டுப்பட்டபோது பிள்ளைகளின் பெற்றோர் பட்ட பாடு பத்திரிகைகளில் வந்தது. இங்கே நோர்விச்சில் உள்ள ஜோன் இன்னஸ் நிலையத்தினர் 2018 இல் செடியின் வழியில் எஞ்சியிருந்த நொதியங்களையும் கண்டுபிடித்தார்கள். 2022 இல் டென்மார்க்கை மையமாகக் கொண்ட குழு ஒன்று அந்த நொதியங்களை எல்லாம் ஈஸ்ற்றுக்குள் வைத்து, இரு பாதிகளையும் அதைக்கொண்டே செய்வித்துக் காட்டியது. பாண் பொங்க வைக்கும் அதே ஈஸ்ற்தான்.

இவ்வளவும் கேட்டபின் அந்த அம்மாவின் மகள் ஒரு நல்ல கேள்வி கேட்டார். 500 கிலோவுக்கு 1 கிராம்தான் என்றால், ஏழெட்டு இலையில் என்ன இருக்கப்போகிறது? நியாயமான கணக்கு. வின்பிளாஸ்டின் மிகச் சொற்பம்தான். ஆனால் கசாயத்தில் போவது அது ஒன்று மட்டுமல்ல. விண்டொலின், கதரந்தின், இரத்த அமுக்கத்தைக் குறைக்கக்கூடிய அஜ்மலிசின் என்று ஒரு கூட்டமே போகிறது. செடிக்குச் செடி, வெளிச்சத்துக்கு வெளிச்சம், இலையின் வயதுக்கு வயது அளவு மாறும். இன்று குடித்ததும் நாளை குடிப்பதும் ஒன்றல்ல. சில விலங்கு ஆய்வுகளில் சீனி குறைந்ததாகவும் பின்னர் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையானால், கிளிக்கிளசைட்டோ இன்சுலினோ எடுப்பவருக்கு எதிர்பாராமல் சீனி விழலாம். அமுக்கக் குளிசை போடுபவருக்குத் தலை சுற்றலாம். இவற்றை எல்லாம் விட, இந்த அம்மாவுக்கு உண்மையில் தீங்கு செய்தது குடித்த கசாயம் அல்ல, குடிக்காமல் விட்ட குளிசை. நான்கு மாதம் உயர்ந்து நின்ற சீனி கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் தாக்கும்.

"கெமிக்கல்" என்ற சொல்லுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மெற்போமினும் மரபில் ஒரு செடியின் பிள்ளைதான். ஐரோப்பாவில் பழைய காலத்தில் கலேகா என்ற அவரைக் குடும்பச் செடியைச் சலரோகத்துக்குப் பாவித்தார்கள். அதில் உள்ள பொருளைச் சார்ந்த இரசாயனங்களில் ஒன்றாக மெற்போமின் 1922 இல் டப்ளினில் செய்யப்பட்டது. 1957 இல் பிரான்சில் ஜோன் ஸ்ரேர்ன் அதைச் சலரோகத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். வேறுபாடு என்னவென்றால், ஒவ்வொரு குளிசையிலும் எத்தனை மில்லிகிராம் என்று தெரியும், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்றும் தெரியும். மெற்போமின் வயிற்றைப் பிரட்டுகிறது என்றால் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் வகை உண்டு, வேறு மருந்துகளும் உண்டு. அந்த அம்மா நிறுத்தியதற்கு உண்மைக் காரணமும் அந்த வயிற்றுப் பிரட்டல்தான். என்னிடம் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார்.

அடுத்த முறை உங்கள் ஜீ.பீ.யிடம் போகும்போது, வீட்டில் எடுப்பவற்றை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்: குளிசை, கப்சூல், லேகியம், ஊரில் இருந்து வந்த சூரணம், அவித்துக் குடிக்கும் இலை. தமிழ் தெரியாத வைத்தியர் என்றால் செடியின் படத்தைத் தொலைபேசியில் எடுத்துக் காட்டலாம். பட்டிப்பூவின் விஞ்ஞானப் பெயர் கதரந்தஸ் றோசியஸ். மூலிகையால் பக்கவிளைவு என்று சந்தேகித்தால் யெலோ காட் திட்டத்துக்கு நீங்களே அறிவிக்கலாம். ஏற்கனவே பட்டிப்பூக் கசாயம் குடிப்பவர்கள் நிறுத்திவிட்டு, குருதிப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். காய்ச்சல், அடிக்கடி கிருமி தொற்றுதல், புதிதாகக் கைகால் விறைப்பு இருந்தால் தாமதிக்க வேண்டாம். கர்ப்பிணிகள் அறவே தொடக்கூடாது.

செடியை வீட்டில் வைத்திருக்கலாமா? வைத்திருக்கலாம். வடிவான பூ. இலையைச் சிறு பிள்ளைகளும் பூனை நாயும் வாயில் வைக்காத உயரத்தில் வையுங்கள். அந்த அம்மாவின் எச்பிஏ1சி ஆறு மாதத்தில் 61 ஆக இறங்கியது. பூவைச் சாமித்தட்டில் வைக்கிறாராம். இலையைத் தொடுவதில்லை என்று மகள் சொன்னார்.